இதயத்தசைத் திசுவைப் படிக்கும் முறை: பிணவறை மேசையிலிருந்து இறுதிக் கருத்து வரை

திடீர் மரணங்களில் இதயத்தசை ஸ்லைடைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டிய மருத்துவர்களுக்கான வழிகாட்டி இது. தடய மருத்துவத்திலும் நோயியலிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிஜி (முதுநிலை) மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. எடுத்துக்காட்டுகள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிணவறைகளுக்கு வரும் உடல்களை ஒட்டியவை: ஆழ்கடலில் இறந்து படகிலேயே கரைக்கு வந்தவர், விடியலுக்கு முன் ரப்பர் பால்வெட்டப் போன இடத்தில் விழுந்தவர், இரும்புத் தோட்டியோடு தென்னையடியில் கிடந்தவர்.

தசையில் மாற்றம் உருவாக உயிர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரத்த ஓட்டம் தடைபட்டதற்கும் உயிர் பிரிந்ததற்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே ஸ்லைடில் பதியும். நெஞ்சுவலி வந்து 10 நிமிடத்தில் இறந்தவரின் தசையில் மாரடைப்பின் தடம் எதுவும் இருக்காது. உடல் 3 நாள் கழித்து மேசைக்கு வந்தாலும் அது கூடிவிடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

1. கத்தி எடுக்குமுன் கேட்க வேண்டியவை

போலீஸ் தரும் பிரேத விசாரணை அறிக்கையில் "திடீரென மயங்கி விழுந்து இறந்தார்" என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்லைடைப் படிக்க முடியாது. கூட இருந்தவரை வரவழைத்து, "அண்ணே, நெஞ்சு வலிக்கிதுன்னு எப்பம் சொன்னாரு? மூச்சு நின்னது எப்பம்?" என்று நேராகக் கேளுங்கள். இந்த இரண்டு நேரங்களும் தெரிந்தால்தான், ஸ்லைடில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கவே கூடாது என்று முடிவு செய்யலாம்.

அடுத்து, சிகிச்சை. மார்பை அழுத்தி முதலுதவி செய்தார்களா, அட்ரினலின் ஊசி போட்டார்களா, ஷாக் கொடுத்தார்களா, ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து ஏற்றினார்களா என்று மருத்துவமனைக் குறிப்பில் பாருங்கள். இவை ஒவ்வொன்றும் தசையில் தனித் தடம் விடும். நோயின் தடம் என்று தவறாகப் படிக்கப்படும்.

மூன்றாவது, உடல் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்பவை. அங்கே ஒருவர் இறந்தால் உடல் மீன் வைக்கும் அறையில் ஐஸுக்குள்தான் கரைக்கு வரும். வெறும் ஐஸா, உறையவைக்கும் ஃப்ரீசரா, எத்தனை நாள் என்று கேட்டு எழுதுங்கள். ஐஸ் அழுகலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உடல் உறைந்திருந்தால் திசுவின் தோற்றமே மாறிவிடும். வீட்டில் வாடகை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்த உடலுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

2. மேசையில் தயாராக இருக்க வேண்டியவை

1 கிராம் வரை காட்டும் தராசு, மில்லிமீட்டர் அளவுகோல், நீளமான கத்தி, சிறு நுனிக் கத்தரி, கேமரா, கேசட்டுகள் (திசுத் துண்டை வைக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டிகள்), பென்சில். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போகும் என்பதால் பென்சில். இதயத்தின் குறுக்குவெட்டுப் படம் அச்சிட்ட ஒரு தாளும் வேண்டும்.

திசுவைப் பதப்படுத்தும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினை இப்படித் தயாரியுங்கள்: கடையில் கிடைக்கும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். உப்புகளைச் சேர்க்காமல் விட்டால் கரைசல் அமிலமாகி, ரத்தம் உள்ள இடங்களில் பழுப்புக் கருமை நிறமியைப் படியவிடும். திசுவின் கனஅளவைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் ஊற்ற வேண்டும். சிறிய பாட்டிலில் இதயத்தைத் திணித்து, மேலே கொஞ்சம் ஊற்றி மூடினால் நடுப்பகுதி அழுகியே போகும்.

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் ஜாடிகள்தான். ரசாயனப் பரிசோதனைக்குப் போகும் உள்ளுறுப்புகளைத் தெவிட்டிய உப்புக் கரைசலில் வைப்பது வழக்கம். திசுப் பரிசோதனைக்குப் போவது ஃபார்மலினில். உப்பு ஜாடியில் ஃபார்மலின் பட்டால் விஷப் பரிசோதனை கெடும். இதயத்தை உப்பில் போட்டால் தசை சுருங்கிச் சிதைந்து ஸ்லைடுக்கு உதவாது. இரண்டு தவறும் திருத்த முடியாதவை. உடல் எரிந்தோ புதைந்தோ போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு விடை சொல்ல வேறு வழியே கிடையாது. எனவே லேபிளை உறுப்பு எடுக்குமுன்பே ஒட்டிவிடுங்கள்.

3. இதயத்தைத் திறக்கும் வரிசை

இதய உறையை வெட்டி, உள்ளே ரத்தமோ நீரோ இருந்தால் அளந்து எழுதுங்கள். பிறகு இதயத்தை எடுக்காமலே நுரையீரல் தமனியைத் திறந்து ரத்த உறைவு உண்டா என்று பாருங்கள். இதயத்தை எடுத்த பின் பார்த்தால் உறைவு நழுவிப் போயிருக்கும்.

எடுத்தபின், உள்ளே தேங்கிய ரத்தக் கட்டிகளைக் கழுவி அகற்றிவிட்டு எடை போடுங்கள். வயது வந்த ஆணுக்கு 300–350 கிராம், பெண்ணுக்கு 250–300 கிராம் என்பது பாடநூல் அளவு. உடல் எடையோடு ஒப்பிடாமல் அதற்குப் பொருள் இல்லை. சுவரின் தடிமனை மட்டும் வைத்து 'இதயம் வீங்கியிருக்கிறது' என்று எழுதாதீர்கள். இறந்தபின் வரும் விறைப்பு இதயத்துக்கும் உண்டு. அந்த நேரத்தில் அளந்தால் இடது கீழறை தடித்தும் குழி சுருங்கியும் தெரியும். எடை அப்படி ஏமாற்றாது.

இதயத்தமனிகளை அடுத்து பாருங்கள். நீளவாக்கில் பிளக்காமல், 3 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாகக் குறுக்கே வெட்ட வேண்டும். பிளந்தால் அடைப்பின் அளவும் தெரியாது, உறைவும் கத்தரியோடு தள்ளிக்கொண்டு போகும். சுண்ணாம்பு படிந்து கத்தி இறங்காத துண்டைத் தனியே எடுத்துச் சுண்ணாம்பு நீக்கிய பின் வெட்டுங்கள். குழாயின் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் அடைபட்டிருந்தால் கடுமையான அடைப்பு.

பிறகு இதய நுனியிலிருந்து தொடங்கி, 1 சென்டிமீட்டர் தடிமனில், நடுப்பகுதி வரை குறுக்கு வில்லைகளாக வெட்டுங்கள். அடிப்பகுதியை ரத்த ஓட்டத்தின் வழியே திறக்கலாம். முழு இதயத்தையும் ஓட்டத்தின் வழியே திறக்கும் பழைய முறையில், எந்தத் தமனியின் எல்லைக்குள் தசை செத்திருக்கிறது என்ற வரைபடம் கலைந்துபோகும். வில்லைகளை அளவுகோலோடு படம் எடுங்கள். சுவர் தடிமனை நடு வில்லையில், பாப்பில்லரித் தசையையும் (வால்வை இழுத்துப் பிடிக்கும் உட்தசை) வெளிக்கொழுப்பையும் விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

4. டிடிசி சோதனை

டிரைஃபீனைல் டெட்ரசோலியம் குளோரைடு 1 சதவீதக் கரைசலை பாஸ்பேட் பஃபரில் தயாரித்து, 37 டிகிரி செல்சியஸில், ஒரு வில்லையை 15–20 நிமிடம் புரட்டிப் போட்டு ஊறவையுங்கள். நொதிகள் மிஞ்சியிருக்கும் தசை செங்கல் சிவப்பாகும். ரத்தமின்றிச் செத்த பகுதி வெளிறியே நிற்கும். அடைப்புக்குப் பின் 2–3 மணி நேரமாவது உயிர் இருந்திருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

ஃபார்மலினில் போட்டபின் இந்தச் சோதனை பலிக்காது. அழுகத் தொடங்கிய உடலிலும் வேண்டாம்: நொதி எங்குமே இல்லாததால் வில்லை முழுதும் வெளிறும், 'மிகப்பெரிய மாரடைப்பு' என்று எழுதத் தோன்றும். சந்தேகம் இல்லாத வலது கீழறைச் சுவரும் சிவக்கவில்லை என்றால் சோதனையை ஒதுக்கிவிடுங்கள். பழைய தழும்பும் சிவக்காது. அதன் வெண்மையும் உறுதியும் கையிலேயே தெரியும். கரைசல் வெளிச்சத்தில் கெடும் என்பதால் இருண்ட பாட்டிலில் வையுங்கள்.

5. பிளாக் (ஸ்லைடுக்கான திசுத் துண்டு) எடுக்கும் இடங்கள்

'இதயம் – 1 துண்டு' என்று எழுதி ஒரே கேசட்டில் வரும் மாதிரிதான் நோயியல் துறைக்குக் கிடைக்கும் மிக மோசமான மாதிரி. அது எந்தச் சுவர் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதில் ஒன்றும் இல்லை என்றால், இதயத்தில் ஒன்றும் இல்லை என்று பொருளும் இல்லை.

நடு வில்லையிலிருந்து இடது கீழறையின் முன், பக்க, பின் சுவர்கள். இடைச்சுவரின் முன்பாதி, பின்பாதி. வலது கீழறையின் முன், பக்க, பின் சுவர்கள். வலது கீழறையின் வெளிவாயில். மேலறைகளிலிருந்து ஒவ்வொன்று. கண்ணுக்கு நிறம் மாறித் தெரியும் இடம் இருந்தால், அதன் நடுவிலிருந்து ஒன்று, நல்ல தசையோடு சேரும் ஓரத்திலிருந்து ஒன்று. ஓரம் அவசியம்: நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் அழற்சி செல்கள் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும், மாரடைப்பின் வயதைச் சொல்வது ஓரமே.

ஒவ்வொரு துண்டும் உட்புறச் சவ்விலிருந்து வெளிப்புறச் சவ்வு வரை முழுச் சுவரையும் கொண்டிருக்கட்டும். தடிமன் 3–4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கேசட் எண்களை அச்சிட்ட படத்தில் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். 24–48 மணி நேரம் ஃபார்மலினில் ஊறியபின் 4–5 மைக்ரான் தடிமனில் வெட்டி, எல்லாவற்றுக்கும் ஹீமடாக்சிலின்–ஈயோசின் சாயம் (உட்கருவை நீலமாகவும் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டுவது). கீழறைப் பிளாக்குகளுக்கு நார்த்திசு காட்டும் ட்ரைகுரோம் அல்லது வான் கீசன் சாயத்தையும் தவறாமல் கேளுங்கள்.

6. செத்தபின் வந்ததா, சாகுமுன் வந்ததா

ஸ்லைடில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். 4 மடங்கு லென்ஸில் முழுத் துண்டையும் ஒரு முறை சுற்றிவிட்டு, 10, பிறகு 40. நேரே 40-ல் இறங்குகிறவர்கள் ஒரு செல்லின் மாற்றத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள்.

தசை தானாகச் சிதைவது எங்கும் ஒரே சீராக இருக்கும்: உட்கருக்கள் எல்லாப் பக்கமும் மங்கும், நார்களின் குறுக்கு வரிகள் மறையும், ஈயோசின் சாயம் வெளிறும். மாரடைப்பில் செத்த நார்கள் திட்டாக இருக்கும், அடர் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏற்கும், பக்கத்திலேயே நல்ல தசை நிற்கும். உட்கரு மறைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரத்தக்குழாய் சுவரிலும் இடைத்திசுவிலும் உள்ள உட்கருக்களைப் பாருங்கள். அவையும் மங்கியிருந்தால் அது சிதைவு.

இந்த மாவட்டத்தின் வெக்கையில் ஒரு நாள் வெளியில் கிடந்த உடலிலேயே பாக்டீரியாக் கூட்டமும் வாயுக் குமிழிகளும் தசையில் தெரியலாம். சுற்றி ஒரு நியூட்ரோஃபில்கூட (அழற்சிக்கு முதலில் வரும் வெள்ளணு) இல்லை என்றால் அது அழுகல், சீழ்க்கட்டி அல்ல. உறைந்து இளகிய உடலில் நார்களுக்கு இடையே வெற்று இடைவெளிகள் தோன்றும், சிவப்பணுக்கள் உடைந்து வெறும் நிழலாக நிற்கும். இதை நீர்க்கோர்ப்பு என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அழுகல் முற்றிய இதயத்திலும் ட்ரைகுரோம் சாயம் பலன் தரும். செல்கள் போனாலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிற்கும். பழைய தழும்பு தெரிந்துவிடும். 'அழுகியது, பரிசோதனைக்கு உதவாது' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அலையலையாக நெளிந்த நார்களைப் பார்த்ததும் 'ஆரம்ப மாரடைப்பு' என்று எழுதுவது இன்னொரு பொதுவான பிழை. வெட்டின் ஓரத்திலும், சுவர் தளர்ந்து சுருங்கிய இடத்திலும் நல்ல தசையே நெளியும். நார்கள் துண்டு துண்டாக உடைந்திருப்பதும் அப்படித்தான். தனியாக அதற்கு மதிப்பில்லை. உட்சவ்வுக்குக் கீழே ரத்தக்கசிவு கண்டால், மார்பை அழுத்தியது, தலைக்காயம், அதிக ரத்த இழப்பு, சில விஷங்கள் என நான்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

7. மாரடைப்பின் வயதைக் கணிப்பது

கீழ்க்கண்ட நேரங்கள் ரத்தம் திரும்பப் பாயாத மாரடைப்புக்கானவை. வயதை எப்போதும் ஒரு வரம்பாகவே எழுதுங்கள்.

முதல் அரை மணி நேரத்தில் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாது. அரை மணி முதல் 4 மணி வரை ஓரத்தில் நெளிந்த நார்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 4 முதல் 12 மணிக்குள் நீர்க்கோர்ப்பும் கசிவும் தொடங்கி, நார்கள் அடர் இளஞ்சிவப்பாகும். 12 முதல் 24 மணிக்குள் உட்கருக்கள் சுருங்கிக் கறுக்கும், ஓரத்தில் சுருக்கப் பட்டைகள் (நார் அளவுக்கு மீறிச் சுருங்கியதால் தோன்றும் குறுக்குப் பட்டைகள்) தெரியும், நியூட்ரோஃபில்கள் வரத் தொடங்கும். வெறும் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் கருந்திட்டும் ஏறக்குறைய இந்தக் கட்டத்தில்தான்.

1 முதல் 3 நாள்: உட்கருவும் வரிகளும் போய்விடும், நியூட்ரோஃபில்கள் நெருக்கமாக நிற்கும். 3 முதல் 7 நாள்: நியூட்ரோஃபில்கள் சிதைந்து தூளாகும், ஓரத்திலிருந்து மேக்ரோபேஜ்கள் செத்த நார்களைத் தின்னத் தொடங்கும். வெளியே மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். சுவர் கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் நிரம்பும் ஆபத்து மிகுந்த வாரமும் இதுவே. 7 முதல் 14 நாளில் புதுக் குழாய்கள் கொண்ட குணமாகும் திசு ஓரத்திலிருந்து உள்ளே நகரும். 2 வாரத்துக்கு மேல் கொலாஜன் கூடிச் செல்கள் குறையும். 2 மாதத்துக்கு மேல் வெறும் தழும்பு. அதன்பின் 3 மாதமா 10 வருடமா என்று ஸ்லைடை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று எச்சரிக்கைகள். ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்தோ ஸ்டென்ட் வைத்தோ ரத்தம் திரும்பப் பாய்ந்திருந்தால் கசிவும் சுருக்கப் பட்டைகளும் கூடும், நியூட்ரோஃபில்கள் முன்னதாகவே வரும். வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். குழாய்க்குள் நிற்கும் நியூட்ரோஃபில்களை எண்ணாதீர்கள். நாருக்கு இடையே இறங்கியவை மட்டும் கணக்கு. ஒரே இதயத்தில் வெவ்வேறு வயதுத் திட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியே எழுதுங்கள். 'நேற்றைய அடிதடியால்தான் மாரடைப்பு வந்தது' என்று சொல்லப்படும் வழக்கில், திட்டுக்கு 5 நாள் வயது என்பது ஒருவரின் வாழ்க்கையையே மாற்றும்.

8. மாரடைப்பு அல்லாத மாற்றங்கள்

இதயத்தசை அழற்சி என்று எழுத, அழற்சி செல்களும் வேண்டும், அவற்றை ஒட்டித் தசைநார் சேதமும் வேண்டும். 1986-இன் டல்லாஸ் அளவுகோல் கேட்பது இதைத்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக லிம்போசைட் என்ற வெள்ளணு எல்லா இதயத்திலும் உண்டு. மழைக்காலத்தில் வயல், ஓடை வேலை செய்தவர் காய்ச்சலோடு இறந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள்: இடைத்திசுவில் அழற்சியும் கசிவும் இருக்கலாம், ஆனால் சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் ஸ்லைடுகளோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். ஈயோசினோஃபில் வெள்ளணுக்கள் மிகுந்தால் மருந்து ஒவ்வாமையைத் தேடுங்கள். கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு) கண்டால் காசநோய்க் கிருமிச் சாயம் போடாமல் சார்காய்டு (கிருமி காணப்படாமலே இத்தகைய முடிச்சுகள் வரும் நோய்) என்று எழுதாதீர்கள்.

சுருக்கப் பட்டைகள் சிதறிக் கிடந்தால் அட்ரினலின் வகைப் பொருள்களின் வெள்ளம் என்று பொருள். மூளை ரத்தக்கசிவு, தேள் கொட்டு, மின்சாரம், உயிர்காக்கும் சிகிச்சையில் போட்ட ஊசி என எதுவும் காரணமாகலாம். இரும்புத் தோட்டி மின்கம்பியில் பட்டு இறந்தவரின் இதயத்தில் இவை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மின்சாரம் தாக்கியதற்குச் சான்று கையிலும் காலிலும் உள்ள தோல் குறியும் சம்பவ இடமும்தான்.

மஞ்சளரளிக் கொட்டை, எல்லைப் பக்கத்து ஒதளங்காய் இரண்டிலும் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடுகள். ஸ்லைடில் ரத்தத் தேக்கமும் சிறு கசிவுகளும் தவிர எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்லைடு சாதாரணமாக இருக்கிறது என்று விஷத்தை விலக்கிவிடவே கூடாது. இரைப்பைப் பொருள், ரத்தம், உறுப்புகள் ஆய்வகம் போக வேண்டும்.

கொழுப்பும் ஏமாற்றும். வலது கீழறையின் முன்சுவரிலும் நுனியிலும் வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் கொழுப்பு இயல்பாகவே இருக்கும். பரம்பரைத் தசைநோய் என்று சொல்ல, கொழுப்போடு நார்த்திசுவும் சிதையும் தசைநார்களும் வேண்டும். அதேபோல் இடைச்சுவரும் வலது கீழறையும் சேரும் இடத்தில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பது இயல்பு. அங்கே மட்டும் பார்த்துவிட்டு ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி (இதயத்தசை தடிக்கும் பரம்பரை நோய்) என்று எழுதினால் தவறு.

கேரளத்தை ஒட்டிய இந்தக் கடலோரத்தில் மறக்கக் கூடாத ஒன்று எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். இப்போது அரிதாகிவிட்டது, ஆனாலும் வயதானவர்களில் வரலாம். நுனியிலும் உட்பாய்வு வழியிலும் உட்சவ்வு மில்லிமீட்டர் கணக்கில் தடித்து வெண்மையாக இருக்கும், சில சமயம் சுண்ணாம்பும் படியும். தமனி எல்லையோடு அது பொருந்தாது. தமனிகளும் திறந்தே இருக்கும். பழைய மாரடைப்புத் தழும்பிலிருந்து பிரித்தறிய இதுவே வழி.

9. கருத்தை எழுதுவது

நோய் இருந்தது என்பதும் நோயால் இறந்தார் என்பதும் வேறு வேறு. மூன்று படிகளில் எழுதிப் பழகுங்கள்.

உறுதி: தமனியை முழுதாக அடைத்த புதிய உறைவு, சுவர் கிழிந்து உறைக்குள் நிறைந்த ரத்தம் போன்றவை. பெரும்பாலும் இதுவே: 75 சதவீதத்துக்கு மேல் அடைப்பு, தசையில் பழைய தழும்பு, புதிய மாற்றம் எதுவும் இல்லை, விஷமும் காயமும் விலக்கப்பட்டன. உறுதியில்லை: ஒரே ஒரு சிறு அழற்சித் திட்டு, வலது கீழறையில் வெறும் கொழுப்பு.

"இதயத்தசையில் புதிய மாரடைப்பின் அறிகுறி இல்லை" என்று நிறுத்தாமல், "மரணம் சில மணி நேரத்துக்குள் நிகழ்ந்திருந்தால் மாரடைப்பை இது விலக்காது" என்ற வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் முதல் பாதி மட்டும் வாசிக்கப்படும். ரசாயன அறிக்கை வரும் வரை இறுதிக் கருத்தை நிறுத்திவையுங்கள். எத்தனை பிளாக்குகள், எந்த இடங்கள், என்னென்ன சாயங்கள், திசு எந்த நிலையில் இருந்தது என்பதை அறிக்கையிலேயே குறிப்பிடுங்கள்.

35 வயதுக்குக் கீழே உள்ளவர், தமனிகள் சுத்தம், ஸ்லைடும் சாதாரணம் என்றால் வேலை இன்னும் முடியவில்லை. உடற்கூறாய்வின் போதே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் 10 மில்லி ரத்தமும், ஃபார்மலின் படாத மண்ணீரல் துண்டும் குளிரில் எடுத்துவைத்திருந்தால் மரபணுச் சோதனைக்கு வழி இருக்கும். ஃபார்மலினில் ஊறிய பிளாக்கில் டிஎன்ஏ துண்டு துண்டாகிப் போயிருக்கும். பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் இசிஜி, எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லி அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள். உடலை வாங்க வந்திருக்கும் அண்ணன் தம்பியிடம் அதை வாயாலும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அறிக்கை போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகும், வீட்டுக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம்.